எந்தச் சீமோன்? எந்தச் செசரியா?



இராயபுரத்தில் 'பீட்டர்' என்று கூப்பிட்டால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் 'படகுக்கார பீட்டர்', 'ஒர்க்‌ஷாப் பீட்டர்' என்று தொழிலையும் சேர்த்துச் சொல்கிறோம். பாட்டிமாருக்கு அவர் 'இராயப்பர்'; 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் 'பேதுரு'. எல்லாம் ஒரே திருத்தூதரின் பெயர்தான். நம் ஊரும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

புதிய ஏற்பாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. அக்காலத்தில் 'சீமோன்' மிகப் பரவலான பெயர். பன்னிருவரில் மட்டும் இருவர் சீமோன்கள். இயேசுவுக்கு விருந்தளித்த பரிசேயர் ஒரு சீமோன். பெத்தானியாவின் தொழுநோயாளர் ஒரு சீமோன். சிலுவையைச் சுமந்த சிரேன் ஊரார் ஒரு சீமோன்.

ஊர்ப் பெயரும் அப்படியே. செசரியா என்ற பெயரில் இரண்டு ஊர்கள். இரண்டும் உரோமைப் பேரரசரின் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டவை. எர்மோன் மலையடிவாரத்தில் இருந்தது பிலிப்புச் செசரியா. அப்பகுதியில்தான் இயேசு மீனவரான சீமோனைப் 'பாறை' என்று அழைத்து, அதன்மேல் தம் திருச்சபையைக் கட்டுவதாக வாக்களித்தார் (மத் 16). மற்றொன்று பெரிய ஏரோது கட்டிய துறைமுக நகர். அங்கே வாழ்ந்தவர் உரோமை நூற்றுவர் தலைவர் கொர்னேலியு.

கொர்னேலியுவிடம் வானதூதர் சொன்ன முகவரியைக் கவனியுங்கள் (திப 10). யோப்பாவிலுள்ள பேதுரு என்னும் சீமோனை அழைத்துவர வேண்டும். அவர் தங்கியிருப்பது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். அந்த வீடு கடலோரத்தில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு சீமோன்கள்!

செத்த விலங்குகளைத் தொடும் தொழில் என்பதால் தோல் பதனிடுவோரை யூதர்கள் தாழ்வாகப் பார்த்தார்கள். திருச்சபையின் தலைவரோ அந்த வீட்டில்தான் விருந்தினராகத் தங்கினார். அதன் மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு எனக் கருதாதே என்ற காட்சி அவருக்குக் கிடைத்தது. அதன்பிறகே அவர் துறைமுகச் செசரியாவுக்குச் சென்றார். பிற இனத்தாரான கொர்னேலியுவின் வீட்டார் திருமுழுக்குப் பெற்றனர்.

இது நமக்கு நன்கு புரியும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மீன் வாடை, ஆலைப் புகை, சாம்பல் ஆகியவற்றை வைத்தே நம்மை எடைபோடுகிறார்கள். வேலை கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் அந்த வலி தெரியும்.

ஆனால் நாம் எப்படி இருக்கிறோம்? வானதூதர் 'தோல் பதனிடுபவர்' என்று சொன்னது வீட்டைக் கண்டுபிடிப்பதற்காக. நாமோ சில வேளைகளில் ஒருவரது தொழிலையும் தெருவையும் சொல்வது, அவரை ஒதுக்கி நிறுத்துவதற்காக. நம் பங்கிலேயே நாம் ஒரு நாளும் நுழையாத வீடுகள் இல்லையா?

ஜூன் 29 அன்று தூய இராயப்பர், சின்னப்பர் பெருவிழாவைக் கொண்டாடுகிறோம். அதற்குமுன் அப்படி ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம். இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊருக்கு அதுவே பொருத்தமான கொண்டாட்டம்.