உங்களுக்குத் தெரியுமா? டென்ட்ரிடிக் செல்லை ஆட்டுவிக்கும் புரதங்கள்

● கிருமியைப் பிடித்து, அதன் அடையாளத்தை நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களுக்குக் காட்டிக் கொடுப்பது டென்ட்ரிடிக் செல். 1973-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் இதை முதலில் அடையாளம் கண்டது சுண்டெலியின் மண்ணீரலில்தான்.

● அங்கே நூறு செல்களில் ஒன்றிரண்டுதான் இந்த வகை. அதனால் ஆராய்ச்சி தடுமாறியது. 1992-ல் எலியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சமிக்ஞைப் புரதத்துடன் வளர்த்தார்கள். டென்ட்ரிடிக் செல்கள் ஏராளமாகக் கிடைத்தன!

● சி3எச்/ஹெச்இஜே வகை எலிகள், மற்ற எலிகளைக் கொன்றுவிடும் பாக்டீரிய நச்சுக்கும் அசையாதவை. காரணத்தை 1998-ல் ப்ரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது: டிஎல்ஆர்4 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. டென்ட்ரிடிக் செல்கள் இந்த நச்சை உணர்வதும் இதே புரதத்தால்தான். நச்சுக்குத் தப்பிய அந்த எலிகள், உயிருள்ள சால்மொனெல்லா கிருமியிடம் எளிதில் தோற்றன. ஆபத்தை உணராத உடலுக்குப் பாதுகாப்பும் இல்லை.

● கிருமியை உணர்ந்த டென்ட்ரிடிக் செல், தன் மேற்பரப்பில் சிசிஆர்7 என்ற புரதத்தைப் பெருக்கிக்கொள்கிறது. நிணநீர் முடிச்சுக்கு வழிகாட்டுவது அதுவே. சிசிஆர்7 இல்லாத எலிகளில், தோலிலிருந்து கிளம்ப வேண்டிய செல்கள் முடிச்சுக்குப் போய்ச் சேருவதில்லை.

● டென்ட்ரிடிக் செல் சுரக்கும் இன்டர்லூகின்-12, டி செல்களைப் போருக்குத் தூண்டுகிறது. இன்டர்லூகின்-10 அந்த வேகத்தை அடக்குகிறது. அடக்குவதும் உயிர்காக்கும் வேலையே: இன்டர்லூகின்-10 இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவதை 1993-லேயே பார்த்துவிட்டார்கள்.

● வைரஸ் எதிர்ப்புக்குப் பேர்போன இன்டர்ஃபெரானுக்குப் புற்றுநோய்த் தடுப்பிலும் பங்குண்டு. சில எலிகளின் டென்ட்ரிடிக் செல்களில் மட்டும் இன்டர்ஃபெரான் ஏற்பியை நீக்கியபோது, சாதாரண எலிகள் விரட்டிவிடும் கட்டிகளைக்கூட அந்த எலிகளால் விரட்ட முடியவில்லை. இது 2011-ல் தெரியவந்தது.

● அதே ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஸ்டைன்மன், பாய்ட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் மூவருக்கும் கிடைத்தது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பே கணையப் புற்றுநோயால் ஸ்டைன்மன் மறைந்திருந்தார். தன் நோய்க்கு அவர் எடுத்துக்கொண்ட சிகிச்சைகளில் டென்ட்ரிடிக் செல் சிகிச்சையும் ஒன்று.

● 2010-ல் அமெரிக்கா அனுமதித்த சிபுலூசெல்-டி, புராஸ்டேட் புற்றுநோய்க்கான சிகிச்சை. நோயாளியின் இரத்தச் செல்களை வெளியே எடுத்து, ஜிஎம்-சிஎஸ்எஃப் சேர்ந்த புரதத்தால் தூண்டி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துகிறார்கள். எலிகளிடம் கற்ற பாடம் இப்படித்தான் மனிதருக்கு மருந்தாகிறது.