லத்வியப் பாதை

சோவியத் ஒன்றியம் குலைந்த 1991 இல் சுதந்திரத்தை மீளப்பெற்ற போல்திக் நாடுகளுள் லத்வியாவும் ஒன்று. அங்கு 1993 இல் தோன்றிய ‘லத்வியப் பாதை’ என்னும் நடுநிலைத் தாராண்மைக் கட்சி விநோதமானதொரு கூட்டு. முன்னாள் கம்யூனிஸ்டுப் பிரமுகரான அனத்தோலிஸ் கோர்புனோவ்ஸ் ஒருபுறம். நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சருடைய மைந்தரும் நெடுங்காலம் புலம்பெயர்ந்து வாழ்ந்தவருமான குனார்ஸ் மெயரோவிச்ஸ் மறுபுறம்.

அவ்வாண்டுத் தேர்தலில், சாயிமா எனப்படும் பாராளுமன்றத்தின் 100 ஆசனங்களுள் 36 ஐ அது வென்றது. வால்திஸ் பிர்காவ்ஸ் பிரதமரானார். அதன்பின் 2002 வரை இக்கட்சியினர் இடம்பெறாத அமைச்சரவை அங்கு அமைந்ததில்லை. ருஷ்யப் படைகள் 1994 இல் வெளியேறியதும் அதன் ஆட்சியிலேதான். மேற்கு ஐரோப்பாவுடன் இணைவதே அதன் இலட்சியம்.

ஆயின் நீண்ட ஆட்சியே அதற்குப் பகையாயிற்று. நாட்டின் மிகப் பெரிய வர்த்தக வங்கியான பங்கா பால்தியா 1995 இல் முறிந்தது. பணத்தை வைப்பிலிட்டோர் பலர் அதை இழந்து நின்றனர். அப்பொழுது பிரதமராயிருந்தவர் இக்கட்சியின் மாரிஸ் கைலிஸ். அவ்வாண்டுத் தேர்தலில் ஆசனங்கள் 17 ஆகக் குறைந்தன. 1998 இல் 21 வரை ஏறியது மெய்யே. எனினும் அரசுடைமைகள் தனியாருக்கு விற்கப்பட்டமை பற்றி மக்கள் கொண்ட ஐயம் தீரவில்லை.

2002 ஒக்டோபரில், முன்னாள் மத்திய வங்கித் தலைவர் ஐனார்ஸ் ரெப்ஷேயின் புதிய கட்சி நேர்மையைப் பேசி 26 ஆசனங்களைப் பெற்றது. பதவியிலிருந்த பிரதமர் அந்திரிஸ் பேர்சின்ஷின் கட்சியான லத்வியப் பாதைக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 4.9 வீத வாக்குகள், ஆசனம் ஒன்றுமில்லை. ஆசனம் பெறுவதற்கு வேண்டிய வாக்கெல்லையை 4 வீதத்திலிருந்து 5 ஆக உயர்த்தியது, இதே கட்சி முதலிடம் வகித்த பாராளுமன்றந்தான்!

அடுத்த மாதம் நேட்டோவும், திசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் லத்வியாவை அழைத்தன. அவ்வழைப்புக்காக ஒன்பது ஆண்டுகள் உழைத்த கட்சிக்கு அதனை வரவேற்கச் சாயிமாவில் ஒருவரும் இல்லை. 2007 இல் அது வேறொரு கட்சியுடன் இணைந்தது. அக்கூட்டும் 2011 இல் கலைந்தது.