குன்றும் கண்மாயும் – 7: ஏலம் போன பிறகு கணக்கெடுப்பா?

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஏலத்தில் விட்டபோது, அரிட்டாபட்டியும் அதற்குள் இருந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்த ஊர் அது. 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என அரசே சொல்லியிருக்கிறது. சொல்லியும் ஏலம் நடந்தது.

நம் நாட்டில் ஏலம் முதலில். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பிறகு. அந்த அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவரும் சுரங்கம் தோண்ட வருபவர்தான். மழைக்காலம் அல்லாத ஒரே ஒரு பருவத்தில் செடிகொடிகளையும் விலங்குகளையும் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களை ‘மழைக்குப் பிந்தைய பருவம்’ என்று மதிப்பீட்டுக்கான அரசு வழிகாட்டுதல் எடுத்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழையை வைத்துப் போட்ட கணக்கு இது. மதுரைக்கோ அந்த மாதங்கள்தான் மழைக்காலம்.

அரிட்டாபட்டிக் குன்றுகளில் பகலில் மட்டும் நடந்து பட்டியல் போட முடியாது. தேவாங்கு இரவில்தான் இறங்கும். மங்கிய சிவப்பு விளக்கோடு மெதுவாக நடந்தால், புதருக்குள் இரண்டு கண்கள் மின்னும். அழுங்கை நேரில் காண்பது அபூர்வம். கறையான் புற்றில் நகம் கீறிய தடத்தையும், புதிதாகத் தோண்டிய வளையையும் தேட வேண்டும். அந்தத் தடங்களை ஆடு மேய்ப்பவர்கள் எளிதில் காட்டிவிடுவார்கள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் பாறை விளிம்பில் கூடு வைப்பவை. கூட்டுக் காலத்தில் பாறையைத் தொலைநோக்கியால் மணிக்கணக்கில் பார்த்தால்தான் அங்கே குஞ்சு பொரிக்கின்றனவா, வெறுமனே வந்துபோகின்றனவா என்பது தெரியும். தவளைகளைக் கணக்கெடுக்க முதல் மழை இரவுகள் வேண்டும். பெயர்ப் பட்டியலைவிட இந்த வேறுபாடுகளே முக்கியம். எந்த உயிர் எந்த இடத்தை விட்டால் பிழைக்காது என்பதை அவைதான் சொல்லும்.

ஏலத்துக்கு எதிர்ப்பு வலுத்ததும், பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றி வரையலாமா என்று 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு யோசித்தது. தலத்தின் பரப்பு சுமார் 193 ஹெக்டேர். தொகுதியோ 2,000 ஹெக்டேருக்கும் மேல். குன்றில் கூடு வைத்த வல்லூறு இரை தேடுவது கீழே வயலிலும் கண்மாய்க் கரையிலும். பாறைச் சரிவில் வழியும் மழைநீர்தான் கண்மாய்க்குப் போகிறது. குன்றை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினால் இந்த இரண்டு தொடர்புகளும் அறுந்துபோகும்.

மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை வரை பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

ஏலத்துக்கு முன்பே கணக்கெடுக்க வழி உண்டு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரும், கண்மாயில் மடை திறக்கும் நீர்பாய்ச்சியும் சொல்வதை ஓராண்டு முழுக்க, மழையிலும் இரவிலும் சரிபார்த்து அதில் எழுத வேண்டும். எந்தத் தொகுதியையும் ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.