உப்புக்கு அடியில் எண்ணெய்

நீரில் கிடக்கும் காசு, இருக்கும் ஆழத்தைவிட மேலே தெரியும் அல்லவா? கடலடிப் பாறைகளிலும் இப்படி ஓர் ஏமாற்று நடக்கிறது.

எண்ணெய் தேடும் கப்பலிலிருந்து ஒலி அலைகளைக் கீழே அனுப்புவார்கள். அவை பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம்.

இடையில் உப்புப் பாறை இருந்தால்? பண்டைக் கடல்நீர் வற்றிப் படிந்த இந்த உப்பு, எண்ணெயைக் கசியவிடாத நல்ல மூடி. ஆனால் இதில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 4,500 மீட்டர். சுற்றியுள்ள படிவுப் பாறையில் 3,000 மீட்டர் எனக் கொள்வோம். 2,250 மீட்டர் தடித்த உப்பைக் கடந்து மீள 1 வினாடி போதும். அந்த நேரத்தைப் படிவுப் பாறையின் வேகத்தால் கணக்கிட்டால் 1,500 மீட்டர்தான் வரும். அடியிலுள்ள பாறை 750 மீட்டர் மேலே இருப்பதாகத் தோன்றும்! உப்பின் மேடுபள்ளங்கள் அலைகளை வளைத்தும் விடுகின்றன.

எனவே கணிப்பொறி, அந்தந்த இடத்துக்குரிய வேகத்தைக் கொண்டு அலைகள் வந்த வழியைக் கணக்கிட்டு, ஒவ்வோர் எதிரொலியையும் அது எழுந்த ஆழத்திலேயே பொருத்துகிறது. இதுவே ஆழப் படமாக்கம்.

பிரேசில் நாட்டுக் கடலில் 2006-இல் கண்டறியப்பட்ட டூப்பி எண்ணெய் வயல், சுமார் 2,000 மீட்டர் உப்புக்கு அடியில் உள்ளது. அத்தகைய இடத்தில் படம் பிழைத்தால், பெரும்பொருள் செலவிட்டுத் தோண்டிய கிணறு வீணாகும். வேகத்தைச் சரியாக அறிந்தால்தான் ஆழத்தை அறியலாம்.