சதுர அடிக்கு 16 சென்ட்

2019 ஜனவரி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பள்ளி ஆசிரியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கொட்டும் மழையிலும் குடையோடு ஊர்வலம் போனார்கள். சில மாதங்களில் அந்த ஆசிரியர்களின் தொழிற்சங்கத் தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பள்ளிகளுக்காக ஒரு வரிக்கு ஆதரவு கேட்டார்கள். கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 16 சென்ட், 12 ஆண்டுகளுக்கு. வகுப்பில் நெரிசல் குறையவும், செவிலியர், நூலகர் நியமனத்துக்கும் அந்தப் பணம் உதவியிருக்கும். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கடுமையான நிபந்தனைதான். ஜூன் 4-ஆம் தேதி வாக்கெடுப்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மழையில் ஆசிரியர்களோடு நின்ற ஊர், வாக்குச்சீட்டில் கைவிட்டது பெரிய வேதனை.