தோணிப்பாலத்து ஆயமும் கணனியின் எண்ணிகளும்

கொழும்பு மாநகரின் வடபால், களனி கங்கையின் தென்கரையை அடுத்துள்ளது கிராண்ட்பாஸ். பெருந்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்களினின்று அப்பெயர் வந்ததென்பர். ஆற்றைக் கடப்போர் முன்னாளில் அங்கே ஓடமேறினர். 1822ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தோணிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேற் பலகை பரப்பி ஒரு மிதவைப் பாலம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும்வரை கண்டி வீதியின் வண்டிகள் அத்தோணிப்பாலத்தையே நம்பியிருந்தன. கடந்தோர் ஆயஞ் செலுத்தினர்.

விழா மலருக்குக் கணனியைப்பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்ட யாம், பாலத்தைப்பற்றித் தொடங்குவதேன் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. அப்பாலத்தின் வாயிலில் ஒரே கணக்கர், ஒரே பேரேட்டுடன் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்க. வண்டிகள் சிலவாயின் இடரில்லை. பல நூறு வண்டிகள் ஒருங்கே வந்து நின்றால், பாலத்தை எத்துணை அகலமாக்கினும் பயனில்லை. தடை பாலத்தில் அன்று, பேரேட்டில் இருக்கின்றது. இக்காலத்துப் பெருங்கணனிகளில் நேர்ந்த இடர் இதுவே.

யாம் இதனை நூலிற் கற்கவில்லை, நாணிக் கற்றோம். கிராண்ட்பாசிலுள்ள ஒரு வணிகக் களஞ்சியத்துக்கு, பல்லாண்டுச் சரக்குப் பதிவுகளை ஒருங்கே ஆராய்ந்து தொகை காணும் நிரலொன்றை எழுதிக் கொடுத்திருந்தோம். அது நான்கு முறைவழியாக்கிகளைக் கொண்ட கணனியில் ஓடிற்று. முப்பத்திரண்டு கொண்டதை வாங்கினால் வேகம் பன்மடங்காகும் என்று முதலாளிக்கு உறுதி கூறினோம். எம் சொல்லை நம்பி அவர் பெரும்பணஞ் செலவிட்டார். புதிய கணனி பழையதினும் மெதுவாக வேலை செய்தது!

"தம்பி, நாலு பேர் செய்த வேலைக்கு முப்பத்திரண்டு பேர் ஏன் கூடுதலாய் நேரம் எடுக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். கோபமின்றிக் கேட்டதே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று. "இரண்டு நாள் தவணை தாருங்கள், ஐயா" என்றோம். இரண்டு நாள் போதவில்லை. விடை தேடிச் சென்ற வழியில், லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கியோர் எமக்கு முன்னரே அதே இடரிற் சிக்கி, அதனின்று மீண்ட வரலாற்றைக் கண்டோம். அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பணிசெயல் முறைமையின் நடுப்பகுதியை ஆங்கிலத்திற் கேர்ணல் என்பர். படையிலுள்ள கேணலுக்கும் இதற்கும் உறவில்லை. கருப்பகுதி என நாம் வழங்குவோம். நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை எல்லா நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அது. பங்கிடுவோன் எண்ணாதிருத்தல் இயலாது. வந்த பொதிகள் எத்தனை, வட்டில் எஞ்சிய கட்டங்கள் எத்தனை, ஒரு கோப்பை இப்பொழுது கையாள்வோர் எத்தனை பேர் என இடையறாது எண்ணிக்கொண்டே இருக்கின்றது. இத்தகைய ஒவ்வோர் எண்ணுக்கும் நினைவகத்தில் ஓரிடம் உண்டு. அதுவே எண்ணி.

ஒன்று கூட்டுதல் என்பது எமக்கு ஒரு செயல். பொறிக்கு அது மூன்று செயல். பழைய எண்ணை எடுத்தல், ஒன்றைச் சேர்த்தல், புதிய எண்ணை மீள எழுதுதல். எண்ணியில் 57 இருக்கையில் இரு முறைவழியாக்கிகள் ஒருங்கே அதனை எடுத்தால், இரண்டும் 58 என்றே எழுதும். இரு பொதிகள் வந்தன. ஒன்றே கணக்கில் ஏறிற்று. இவ்விழப்பைத் தடுக்க, மூன்று செயல்களையும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாகச் செய்யும் கட்டளைகளைப் பொறியமைப்போர் வழங்கியுள்ளனர். அவற்றால் கணக்குப் பிழைபடுவதில்லை; நேரம் மட்டுமே வீணாகின்றது.

அது வீணாகும் விதத்தைச் சற்று நின்று நோக்குவோம். ஒவ்வொரு முறைவழியாக்கியும் தனக்கு அண்மையில் ஒரு சிறு பதுக்கு நினைவகத்தை வைத்திருக்கின்றது. பிரதான நினைவகத்திலிருந்து அதற்கு வருவது ஒற்றை எண் அன்று, ஒரு துண்டு. அதனைப் பதுக்கு வரி என்பர். பெரும்பாலான பொறிகளில் அதன் நீளம் 64 பைற்று. ஒரு வரியில் எழுத விரும்பும் முறைவழியாக்கி முதலில் அவ்வரியைத் தனக்கே உரியதாக்கிக் கொள்ளல் வேண்டும். ஏனையோரிடமுள்ள படிகள் அக்கணமே செல்லாதனவாகும். தன் கையிலுள்ள வரியில் எழுதச் சில நானோசெக்கன் போதும். வேறொரு சில்லிலுள்ளதன் கையிலிருந்து அதனைப் பெறுதற்கு நூறு நானோசெக்கன் அளவில் ஆகலாம். முப்பத்திரண்டு பேர் ஒரு பேரேட்டை மாறிமாறிப் பறித்தால், எழுதும் நேரத்தினும் பறிக்கும் நேரமே மிகும். எமது புதிய கணனியின் மந்தத்துக்குக் காரணம் இதுவே. பிழை கணனியில் அன்று, எம் நிரலில் இருந்தது.

தீர்வு எளிது போலத் தோன்றும். ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் தனிப் பேரேடு கொடுத்து, தொகை வேண்டும்போது கூட்டிக்கொள்க. யாமும் அவ்வாறே செய்தோம். முப்பத்திரண்டு எண்ணிகளை நினைவகத்தில் அடுத்தடுத்து அமைத்தோம். வேகம் சிறிதும் கூடவில்லை! ஓர் எண்ணிக்கு 8 பைற்று. ஆதலின் 64 பைற்று வரியொன்றில் எட்டு எண்ணிகள் குடியிருந்தன. பேரேடுகள் எட்டாயினும் அவற்றை ஒரே சங்கிலியிற் கட்டி வைத்திருந்தோம். ஒருவர் இழுக்க எழுவர் கையிலிருந்தும் அது போயிற்று. ஒவ்வோர் எண்ணிக்கும் ஒரு முழு வரியை ஒதுக்கிய பின்னரே புதிய கணனி தன் விலைக்கேற்ற வேலையைச் செய்தது.

லினக்ஸ் கருப்பகுதியில் இம்முறை பெரிதும் வழங்குகின்றது. அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. முறைவழியாக்கி தன் எண்ணியைத் திருத்தும் நடுவில் வேறு வேலை குறுக்கிட்டால், திருத்தம் பாதியில் நிற்கும். இன்டெல் வகைப் பொறிகளில் நினைவகத்து எண்ணோடு கூட்டுதலை ஒரே கட்டளையாகச் செய்யலாம். பிறர் தொடாத எண்ணி ஆதலால் அதற்கு விலையுயர்ந்த காவல் வேண்டியதில்லை. குறுக்கீடும் அக்கட்டளையை இரண்டாகப் பிளக்க இயலாது. மேலும், ஒரு முறைவழியாக்கி பெற்ற நினைவகத்தை மற்றொன்று திருப்பிக் கொடுத்தல் சாதாரணம். அப்பொழுது ஒரு பேரேடு ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். தனிப் பேரேட்டைப் பார்ப்போர் திகைப்பர். கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும்.

ஆயினும் எழுதுவோர் பெற்ற சுகத்துக்குக் கூட்டுவோர் விலை கொடுக்கின்றனர். 256 முறைவழியாக்கிகள் இருந்தால், தொகை கேட்பவன் 256 வரிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவன் கடைசிப் பேரேட்டை அடைவதற்குள் முதற்பேரேடு மாறியிருக்கும். இடமும் வீணாகும். லினக்ஸில் இவ்வகை எண்ணி முதலிற் புகுந்தபோது, அதனோடு ஓர் எச்சரிக்கையும் எழுதிவைக்கப்பட்டது: 32 பென்டியம் 4 முறைவழியாக்கிகளைக் கொண்ட கணனியில் ஓர் எண்ணி 4 கிலோபைற்றை விழுங்கும் என்பதே அது. அப்பொறிகளில் ஒவ்வொன்றுக்கும் 128 பைற்று ஒதுக்கப்பட்டதெனக் கொண்டு மாணவர் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

களஞ்சிய முதலாளிக்குத் திரையில் எந்நேரமும் ஓடும் தொகையொன்று வேண்டியிருந்தது. அதனைக் கணந்தோறும் கூட்டிக் காட்டப் புகுந்தோம். வேகம் மீளவும் குன்றிற்று. அவரிடம் நிலைமையை விளக்கினோம். "பகலிலே கொஞ்சம் முன்பின் இருந்தாலென்ன? பின்னேரம் சரியாய் வந்தால் போதும்" என்றார். கணனி கல்லாத அவர் வாயிலிருந்து வந்தது லினக்ஸாரின் அடுத்த படியேயாம்.

அதன் அமைப்பு வருமாறு. நடுவில் ஒரு பொதுப் பேரேடு; ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு குறிப்பேடு. குறிப்பேட்டிலுள்ள எண் ஒரு குறித்த அளவை எட்டியதும் அதனைப் பொதுப் பேரேட்டிற் சேர்த்துவிட்டு மீண்டும் பூச்சியத்தில் தொடங்குவர். லினக்ஸில் அவ்வளவு 32, அல்லது முறைவழியாக்கிகளின் தொகையின் இருமடங்கு, இவற்றுட் பெரியது. 64 முறைவழியாக்கிகள் உள்ள கணனியில் அது 128 ஆகும். பொதுப் பேரேட்டை மட்டும் பார்ப்பவன் காணும் எண், எவ்வளவு மோசமாயினும், 64 தரம் 128, அதாவது 8,192க்கு மேற் பிழைபடாது. பிழை உண்டு, ஆனால் அதற்கு எல்லை உண்டு.

இந்த எல்லையே விஷயத்தின் உயிர்நிலை. வட்டில் எஞ்சிய இடத்தை இவ்வாறு எண்ணுகிறார்கள் என வைத்துக்கொள்க. கோடிக்கணக்கான கட்டங்கள் எஞ்சியிருக்கையில் எண்ணாயிரம் பிழைபட்டால் எவர்க்கும் நட்டமில்லை. எஞ்சியவை சில ஆயிரமே எனின், இல்லாத இடத்தை ஒருவனுக்குக் கொடுத்துவிட நேரும். பின் அவன் எழுதியது எங்கே போகும்? ஆதலால் லினக்ஸின் எக்ஸ்ற் 4 என்னும் கோப்பு முறைமை, எஞ்சிய இடம் அப்பிழையெல்லையின் நான்மடங்குக்குக் கீழ் இறங்குமாயின், எல்லாக் குறிப்பேடுகளையும் வரவழைத்துக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்கின்றது. கிராண்ட்பாசில் வாழ்வோருக்கு இது புதிதன்று. நாகலகம் வீதியிலே களனி கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் மானி ஒன்றுண்டு. கோடையில் அது காட்டும் எண்ணை எவர் கேட்கிறார்? 2016ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்தின்போது அந்த எண்ணை மணிதோறும் கேட்டுக்கொண்டிருந்த வீடுகள் எத்தனை!

இதுவரை கூறியவை புள்ளிவிவர எண்ணிகள். இன்னொரு குலமுண்டு, அதனிடம் அண்ணளவு செல்லாது. ஒரு பொருளை எத்தனை பேர் கையாள்கின்றனர் என்று கருப்பகுதி வைத்திருக்கும் கணக்கு அது. எண் பூச்சியமானதும் அப்பொருளுக்குரிய நினைவகத்தை விடுவித்து வேறொருவருக்குக் கொடுக்கும். ஒருவர் இன்னும் கையாள்கையில் பூச்சியமெனத் தவறாகக் கண்டால், ஒருவன் வீட்டை மற்றொருவனுக்கு எழுதிக் கொடுத்ததாகும். கணனிகளுட் கள்வர் புகுந்த வாயில்கள் பல இவ்வகைப் பிழையாலே திறந்தவை.

இங்குள்ள விந்தை யாதெனில், ஒன்றைப் பார்ப்பதே அதில் எழுதுவதாகிவிடுகின்றது. 2011ஆம் ஆண்டுக்கு முன்னர், ஓர் அடைவினுள் இருக்கும் கோப்பைத் திறக்க அவ்வடைவின் பெயர்ப்பதிவைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பற்றுதல் ஒன்று கூட்டுதல். அடைவை எவரும் மாற்றவில்லை. எனினும் அதன் எண்ணியைப் பறிக்கும் போர் ஓயாதிருந்தது. 2010ஆம் ஆண்டிலே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வாளர் 48 கருக்களையுடைய கணனியில் ஏழு நிரல்களை ஓட்டி லினக்ஸைச் சோதித்தபோது, கண்ட தடைகளுட் பல இத்தகைய எண்ணிகளாயிருந்தன. அவர்கள் வகுத்ததைத் தளர் எண்ணி எனலாம். ஒவ்வொரு முறைவழியாக்கியும் தான் விட்ட பற்றுச்சீட்டை நடுப்பேரேட்டுக்குத் திருப்பாது கைவசம் வைத்திருக்கும். அடுத்து வேண்டும்போது அதனையே எடுத்துக்கொள்ளும். பொருளை விடுவிக்கும் நாளில் எல்லாச் சீட்டுகளையும் திரட்டிச் சரிபார்ப்பர். கருப்பகுதியில் ஏறத்தாழ 3,000 வரிகளைத் திருத்தியே அவர்கள் கண்ட தடைகளுட் பெரும்பாலானவற்றை நீக்கினர். இத்துணைச் சிறு திருத்தம் போதியது எமக்கு இன்றும் வியப்பே.

2013ஆம் ஆண்டில் கென்ற் ஓவர்ஸ்ற்றீற் என்பார் லினக்ஸ் 3.11இற் சேர்த்த முறை வேறு. பொருளின் உரிமையாளன் ஒரு பற்றை விடாது வைத்திருக்கும்வரை எண் பூச்சியமாதல் இயலாது. ஆகவே அதுகாறும் தொகையை எவரும் அறிய வேண்டியதில்லை. தனிப் பேரேடுகளே போதும். உரிமையாளன் தன் பற்றை விடும்போது, பேரேடுகளை மூடி, யாவற்றையும் ஒரே எண்ணியாக்கி, அதன் பின்னர் மட்டும் பூச்சியத்தை நோக்கியிருப்பர்.

மூடும் கணத்திலே ஒருவன் தன் பழைய பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தாலோ? எழுதும் கை ஒவ்வொன்றும் ஓய்ந்ததை அறியும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்கு உதவுவது ஆர்.சி.யூ. என்னும் உபாயம். 2002ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லினக்ஸ் 2.5.43இல் அது இடம்பெற்றபோது, ஏற்கப்பட்ட ஆக்கம் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவிற் பணியாற்றிய தீபங்கர் சர்மா அளித்தது. அவ்வுபாயத்தின் மூலவர்களுள் ஒருவரான போல் மக்கென்னி, பல முறைவழியாக்கிகளுக்கு நிரலெழுதல் குறித்துத் தாம் எழுதிய நூலில் எண்ணுதலுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். ஒன்று இரண்டு மூன்று என்பதற்கு ஓர் அத்தியாயமா என்று முதலில் நகைத்தோம். களஞ்சியத்து நிகழ்ச்சியின் பின் அவ்வத்தியாயத்தை இருமுறை படித்தோம்.

இவற்றைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர்க்குப் பெருங்கணனி வேண்டியதில்லை. லினக்ஸ் ஓடும் எக்கணனியிலும் புறொக் என்னும் அடைவில் இன்ரறப்ற்ஸ் என்றொரு கோப்பு உண்டு. அதனைத் திறந்தால் ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் ஒரு நிலைக்குத்து நிரை. விசைப்பலகையிலிருந்தும் வட்டிலிருந்தும் வலையமைப்பிலிருந்தும் வந்த குறுக்கீடுகளை ஒவ்வொன்றும் தன் நிரையில் தனியே எண்ணியிருக்கும். ஒரு விசையைத் தட்டிவிட்டு மீண்டும் திறந்து பார்க்குக. எந்த நிரை ஏறிற்று என்பது தெரியும்.