மணமுறிவு வழக்கில் வழக்கறிஞர் கட்டணம்: தாமதித்தால் ஏறும் வட்டி

மணமுறிவு வழக்கில் வருமானமுள்ள தரப்பு தேர்ந்த வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள, வருமானமற்ற தரப்பு துணையின்றி நிற்க நேர்ந்தால், அவ்வழக்கில் நியாயம் கிடைப்பது அரிது. இந்த ஏற்றத்தாழ்வைக் களையவே, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலக் குடும்பச் சட்டத் தொகுப்பின் 2030ஆம் பிரிவு, இரு தரப்பின் பொருள்வசதியையும் தேவையையும் சீர்தூக்கி, வசதியுள்ளவர் மற்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தைச் செலுத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வழங்குகிறது. சமரசத்துக்கு முட்டுக்கட்டை போட்டு வழக்குச் செலவைப் பெருக்குபவர்மீது, 271ஆம் பிரிவின்கீழ், இக்கட்டணம் தண்டமாகவும் சுமத்தப்படலாம்.

ஆணை பிறப்பிக்கப்பட்ட பின்னும் பணம் வந்துசேராத நிலைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் விடை தருகிறது. நிலுவையிலுள்ள தீர்ப்புத் தொகைக்குப் பொதுவாக ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி உண்டு என்றும், முழுத் தொகையையும் ஒருசேரச் செலுத்த வேண்டுமாயின் தீர்ப்பு பதிவான நாள் முதலும், தவணைகளாகச் செலுத்த வேண்டுமாயின், தீர்ப்பு வேறுவிதமாகக் கூறாத வரை, ஒவ்வொரு தவணைக்கும் அதன் கெடுநாள் முதலும் அவ்வட்டி ஏறும் என்றும் அது வகுக்கிறது. ஆணையில் வட்டி பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும் சட்டத்தின் வலுவிலேயே அது சேரும். எனினும் இது அசலுக்கு மட்டுமே கணக்கிடப்படும் தனிவட்டி. வட்டிக்கு வட்டி சேர்வதில்லை.

எடுத்துக்காட்டாக, 20,000 டாலர் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை டாலர் வட்டியாகும். இரண்டரை ஆண்டுகள் கழித்து 5,000 டாலர் மட்டும் செலுத்துபவர் கடனில் கால் பங்கு தீர்ந்ததாகக் கருதலாம். ஆனால் செலுத்தும் பணம் முதலில் சேர்ந்துள்ள வட்டிக்கே வரவு வைக்கப்படுவதால், அசலில் ஒரு டாலரும் குறைந்திருக்காது. காலம் கடத்தினால் கடன் காலாவதியாகிவிடும் என்ற எண்ணமும் இங்கு பொருந்தாது. பிற உரிமையியல் தீர்ப்புகளைப் பொதுவாகப் பத்தாண்டுக்குள் புதுப்பிக்க வேண்டியிருக்க, குடும்பச் சட்டத் தீர்ப்புகள், 291ஆம் பிரிவின்படி, முழுத் தொகையும் தீரும் வரை செல்லுபடியாகும்.

வட்டி வீதமும் அது தொடங்கும் நாளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஃபுளோரிடாவில் வீதம் காலாண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. வீதம் எதுவாயினும், இவ்வட்டியைக் கூடுதல் தண்டனையாகக் கருதுவது பிழை. கட்டண ஆணை வசதி குறைந்தவருக்கு வழக்காடும் வலிமையைத் தருகிறதென்றால், பணத்தைப் பிடித்து வைப்பவர் அவ்வலிமையைப் பறிக்கிறார். அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை வைத்தால்தான் ஆணை உரியவருக்குப் பயன்படும்.